ராகு காலத்துக்குள் அடங்கிப்போன விமானம்

மரியாதைக்குரிய தங்கச்சாமி அத்தான் அவர்களுக்கு, திருத்தங்கல் மைத்துனன் மணிகண்டராஜ் வணக்கம். ஓடும் பேருந்தில் போனிலேயே எழுதி அனுப்புவதால், நலம் விசாரிப்பதை மேடுபள்ளம் இல்லாத இடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கீர்த்திகாவின் நிச்சயத்துக்கு விமானத்தில் வருவது என்று சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு நானும் சொர்ணலட்சுமியும் வந்திருந்தோம். மதுரையிலிருந்து சென்னைக்கு வான்வழியே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். காலை ஒன்பது ஐந்துக்குக் கிளம்பினால் பத்து இருபதுக்கு இறங்கலாம். மாலை ஆறு மணிக்குத் தட்டு மாற்றும்போது தாய்மாமன் கசங்காத சட்டையோடு பக்கத்தில் நிற்பான். இதில் குறை காண யாராலும் முடியாது என்று நினைத்தேன். சொர்ணலட்சுமி, என் அச்சகத்தில் அடித்த தினக் காலண்டரையே எடுத்துக் காட்டினாள். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம்.

"ரயில்ல போனா ராகு காலம் ஒரு ஓரமா கழிஞ்சிரும். இது ஏறி எறங்குறது அம்புட்டும் அதுக்குள்ளயே அடங்குதேங்க" என்றாள். வேகத்தில் இப்படி ஒரு கோளாறு இருப்பது விமானம் கண்டுபிடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் ஞானமுத்துவிடம் யோசனை கேட்டேன். "நாம போடுறது தரைக்கு உள்ள ராகு காலம் மொதலாளி. ஆகாயத்துக்கு இன்னும் ஆர்டர் வரல" என்றார். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

ஆகவே பரஸ்தானம் வைத்தோம். நல்ல நேரத்தில் நம் பெட்டியைப் போகிற திசையில் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டி சூலக்கரை பெத்தணன் சித்தப்பா வீட்டுக்குப் போனது. இன்று காலையில் எடுக்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. போன் போட்டேன்.

"ஏலே மணி, நானும் விசேஷத்துக்குத்தானலே ராத்திரி ரயில்ல வந்தேன். ஒனக்கு எதுக்குச் சொமைனு ஒம் பெட்டியையும் தூக்கியாந்துட்டேன். வையி, காப்பி ஆறுது."

சரி, கையை வீசிக்கொண்டு போகலாம் என்று விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் காவலர் ஆதார் அட்டை கேட்டார். அப்போதுதான் சொர்ணலட்சுமி மெதுவாகச் சொன்னாள்: "வெறும் துணிமணி போனா ஆளு போனதா ஆகுமா? அதான் ஒங்க கார்டையும் பெட்டியில வச்சேன்."

அட்டை முன்னாடியே சென்னைக்குப் போய்விட்டது என்று காவலரிடம் சொன்னேன். "அப்ப நீங்க?" என்றார். நான் நேற்றே கிளம்பிவிட்டவன் என்பதை அவருக்கு விளங்க வைக்க முடியவில்லை. போனில் இருந்தால் காட்டுங்கள் என்றார். இருந்தது. அந்த ஆதார் படிவத்தைத் திறக்கும் ரகசிய எண்ணை மறந்துவிடக் கூடாதென்று அட்டைக்குப் பின்னால் எழுதி ஒட்டியிருந்தேன். சித்தப்பாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாமென்றால், பெட்டிச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

பேருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர ஏழு ஆகுமாம் அத்தான். அக்கா மக நிச்சயத்துல தாய்மாமன் நிக்கலைன்னா நம்மூர்ல காலத்துக்கும் பேசுவாக. நீங்கதான் மாப்பிள்ளை வீட்டாரை பஜ்ஜி, காப்பி குடுத்து, ரோடு, மழை, கரண்டு பில்லுன்னு எதையாவது பேசி எட்டு மணி வரைக்கும் உக்கார வைக்கணும். நான் இல்லாம தட்டை எடுத்துறாதீக.

அக்காவுக்கு என் அன்பு. கீர்த்திகா நூறாண்டு நல்லா இருக்கணும். திருநீறு நேரில் வந்து பூசுகிறேன்.

தங்கள் மைத்துனன்,
மணிகண்டராஜ்

பின்குறிப்பு: சொர்ணலட்சுமியின் அட்டை அவள் கைப்பையில் இருந்தது. "ரெண்டு டிக்கெட்டையும் வீணாக்கவா சொல்றீக" என்று ஒன்பது ஐந்து விமானத்தில் ஏறிவிட்டாள். பத்து இருபதுக்கு இறங்கி, உங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம். மாமன் இடத்தில் அவளே நின்றுகொள்வதாகவும், ஆறு மணிக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றும் அக்காவிடம் பேசி முடித்தாயிற்றாம். பேருந்து இப்போது திருச்சியில் நிற்கிறது.