"பெரியவர் ஒண்ணும் சொல்லலையே!"

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நீ கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவாய். ஆகவே சுமார் என்று வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பையும், சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லவும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "சாப்பிட்டீங்களாப்பா?" என்று குறுக்கே விழுவாய். பிறகு நான் சாப்பிட்டதைப் பற்றியே பேசி முடித்துவிடுவோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

பின்னறையில் இருந்த துணி தேய்க்கும் மேசையை வெளியே போட்டுவிட்டு எனக்குக் கட்டில் போட்டிருப்பதாகச் சொன்னாய். மாப்பிள்ளை தங்கமானவர், அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இருமலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இருமுகிற பிழைப்பு எனக்கு வேண்டாம். அதற்காகத்தான் இந்த வயதில் வேலை தேடினேன். கிடைத்தும் விட்டது. என்ன வேலை என்று நீ கேட்டபோதெல்லாம் "கட்டடத்தில் மேற்பார்வை" என்று சொல்லி வைத்தேன். பொய்யில்லை. தீ வருகிறதா என்று மேற்பார்வை.

கடைத்தெரு முனையில் ஒரு பெரிய கட்டடம். கீழே தையல்கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே ஆபீஸ்கள். மராமத்து வேலைக்கு வந்தவர்கள் மேற்கூரையைப் பிரித்ததில் தீ அலாரத்தின் ஒயரையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். அலாரம் சரியாகும்வரை ஆள் போட்டு மாடி மாடியாகச் சுற்றிப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் கட்டடத்தைப் பூட்டு என்று தீயணைப்பு அதிகாரி சொல்லிவிட்டார். மேனேஜர் ஏஜென்சிகளில் கேட்டாராம். காவலாளி இருக்கிறார், படி ஏறுகிற காவலாளி இல்லை என்றார்களாம். அந்த நேரம் பார்த்து நான் போய் நின்றேன். "மூக்கு நல்லா வேலை செய்யுதா பெரியவரே?" என்றார். செய்யுது என்றேன். "அப்ப நாளைக்கே வந்துடுங்க. வேலைன்னு ஒண்ணும் இல்ல. சுத்தி வரணும், தீ வந்தா சொல்லணும்." வராவிட்டால் என்று கேட்டேன். "வராட்டியும் சுத்தி வரணும்" என்றார். உன் அம்மா போன பிறகு நான் வீட்டில் செய்துகொண்டிருந்ததும் இதைத்தான், அதற்குச் சட்டையும் விசிலும் கொடுக்கிறார்களே என்று ஒப்புக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு பாப்பா. வேறு எந்த வேலையும் தொடக்கூடாது. பார்ப்பது மட்டும்தான். இது யார் மண்டையில் ஏறுகிறது? கையை வீசிக்கொண்டு ஒருத்தன் நடந்தால் ஊருக்கே கண் உறுத்துகிறது. தையல்காரம்மா "கொஞ்சம் கடையைப் பாத்துக்குங்க, வந்துடறேன்" என்கிறாள். பல் டாக்டர் ஒரு பாட்டியம்மாவின் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். வெல்டிங்காரன் இன்னும் மோசம். அவன் வேலையை முடித்துவிட்டு டீக்குப் போனாலும் பொறி விழுந்த இடத்தை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், எங்காவது புகைந்துகொண்டிருக்கும் என்று. அவன் திரும்பி வந்து, "என்ன பெரியவரே, தூங்குற குழந்தை முழிச்சுக்குமான்னு பாக்குற மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்று சிரிக்கிறான். என் தலையெழுத்து, சிரிக்கட்டும்.

முதல் வாரமே மானம் போயிற்று. தையல்கடை இஸ்திரிப்பெட்டியிலிருந்து வந்த ஆவியைப் புகை என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதிவிட்டேன். கட்டடமே படியில் உருண்டு இறங்கியது. வாயில் பஞ்சோடு ஒருவர் தெருவில் நின்று என்னைத் திட்டினார், என்ன திட்டினார் என்று யாருக்கும் புரியவில்லை, அந்த மட்டும் பிழைத்தேன். அன்றோடு விசிலைப் பைக்குள் போட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் வெல்டிங் பொறி மேலே இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஆபீஸ் அட்டைப்பெட்டிகளில் நிஜமாகவே பற்றிக்கொண்டது. ஊதவில்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, "எழுந்திருங்க, பையை விட்டுடுங்க, லிப்ட் வேண்டாம், படியில போங்க" என்று சொன்னேன். போனார்கள். நானும் வெல்டிங்காரனும் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரை அடித்து அணைத்தோம். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், மழை வருமா என்று கேட்கிற மாதிரி, "இன்னிக்கு எப்படி பெரியவரே?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் அம்மா நான் சொன்னதைச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன், காதிலாவது போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பிறகு நான் சொல்லி ஒரு மனுஷன் எழுந்து நடந்தது இப்போதுதான்.

ஆனால் எனக்கு ஒரு எமன் இருந்தான். அலாரம் ரிப்பேர்காரன். நல்ல பையன், மரியாதையானவன், அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். ஒரு மாடி ஒயரை முடிப்பான், அந்த மாடியில் எனக்கு வேலை போகும். "இன்னும் ரெண்டு மாடிதான் பெரியவரே, அப்புறம் நிம்மதியா வீட்டுல இருக்கலாம்" என்று என்னைத் தேற்றுவான். நிம்மதி! ஒவ்வொரு ராத்திரியும் உன் வீட்டுப் பின்னறைக் கட்டில் கனவில் வந்தது.

நேற்று முடித்துவிட்டான். அதிகாரி சோதனைக்கு வந்தார். மேனேஜர் என்னை ஓரமாக நிற்கவைத்து, "இன்னிக்கு நீங்க வாயே திறக்கக்கூடாது" என்றார். அலாரம் அலறியது பாரு, எனக்கே காது அடைத்தது. ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. கெட்டுப்போவதற்கு முன்னால் அது நினைத்தபோதெல்லாம் கத்துமாம், அவர்களுக்கு அது பழகிப்போன சத்தம். டாக்டர் பல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். அதிகாரி முகம் சிவந்து தையல்காரம்மாவிடம் போய், "அலாரம் கேக்கலையாம்மா?" என்றார். அவள் மிஷினை நிறுத்தாமல், "கேக்குது சார். ஆனா பெரியவர் ஒண்ணும் சொல்லலையே!" என்றாள். மேலே போனார். அங்கேயும் இதே பதில். கீழே இறங்கி வந்து, "அலாரம் வேலை செய்யுது, ஆளுங்கதான் வேலை செய்யல. இவங்க அலாரத்துக்கு எழுந்திருக்கிற வரைக்கும் பெரியவர் இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் துக்கமாக முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இந்த ஜனங்களாவது, அலாரத்துக்கு எழுந்திருப்பதாவது! ஆகவே இது என் ஆயுசுக்கும் உள்ள வேலை. நான் அங்கே வருவதற்கில்லை. கட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி தேய்க்கும் மேசையை உள்ளே போடு. கோபித்துக்கொள்ளாதே. பேரன் நன்றாகத் தூங்கட்டும், மாப்பிள்ளைக்கு வேலையில் நல்லது நடக்கட்டும், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. எல்லோரும் என்றும் நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை இன்னும் தபாலில் போடவில்லை, நல்லதாயிற்று. எழுதி முடித்த மறுநாள் காலையில் மேனேஜர் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அப்படி ஒரு உபசாரம். ரிப்பேர்காரன் என் வாய்க்கு நேரே போனைப் பிடித்து, "அன்னிக்குக் கதவைத் தட்டிச் சொன்னீங்களே, அதை ஒரு தடவை சொல்லுங்க பெரியவரே" என்றான். ஏதோ கௌரவம் பண்ணுகிறார்கள் என்று நினைத்து ரொம்ப அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். அதைக் கொண்டுபோய் அலாரத்தில் ஏற்றிவிட்டார்கள். இன்று மறுபடி சோதனை. சத்தம் வந்தது, கூடவே என் குரலும் வந்தது. கட்டடமே பையை விட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டது, பல் டாக்டர் உட்பட. அதிகாரி மேனேஜரின் கையைக் குலுக்கினார். என் சட்டையையும் விசிலையும் வாங்கிக்கொண்டார்கள். மேலே எழுதியதைப் படித்துவிட்டு மேசையை உள்ளே போட்டுவிடாதே, வெளியிலேயே இருக்கட்டும், சனிக்கிழமை வருகிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன் பாப்பா. என்றைக்காவது நீ அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கும்போது நான் பேசுவது கேட்டால், அதுவும் எனக்குப் பிறகு கேட்டால், அப்பா குரலாச்சே என்று நின்று கேட்டுக்கொண்டிருக்காதே. அப்போதாவது நான் சொல்வதைக் கேள். எழுந்து ஓடு.