ஹியூபேட் போட்ட சட்டம்

மெற்றில்டாவுக்கு ட்ரைவிங் லைசன்ஸ் கிடைத்த அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சந்தோஷம். அவளுடைய புருஷன் ஹியூபேட் மட்டும் காய்ச்சல்காரன் மாதிரி சாய்மனைக் கதிரையில் கிடந்தார். பின்னே என்ன? அந்த வீட்டில் டீவி ரிமோட் மெற்றில்டாவுக்கு. என்ன மீன் வாங்குவது என்கிற அதிகாரம் மெற்றில்டாவுக்கு. ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதும் அவள் இஷ்டம். பாவம், மனுஷனுக்கென்று மிச்சமிருந்த ஒரே ராஜ்யம் வாசலில் நிற்கிற அந்தச் சின்ன வெள்ளைக் கார்தான். உயிர் போனாலும் கார்த் திறப்பை, அந்த ஒரு சாவியை மட்டும், கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தார். அதை மெற்றில்டாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராதபடியால் அரசாங்கத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"நான் வேணாமெண்டு சொல்லேல்ல மெற்றில்டா. இன்ஷூரன்ஸ் சட்டம் விடாது."

"அதென்ன சட்டம்?"

"எங்களிட்ட இருக்கிறது தேர்ட் பார்ட்டி. கட்டாயம் எடுக்கோணுமெண்டு அரசாங்கம் சொல்றது அதைத்தான். நாங்க போய் ஒருத்தன்ட வாகனத்தை இடிச்சா, அவனுக்குச் சல்லி குடுப்பாங்க."

"எங்கட காருக்கு?"

"ஒண்டுமில்ல."

"ஓட்டுற ஆளுக்கு?"

"அதுவுமில்ல."

"அப்ப வருஷா வருஷம் நாங்க கட்டுறது முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தனுக்கா?"

"ஓம்."

"அவன் ஆருக்குக் கட்டுறான்?"

"எங்களுக்கு. அதாவது, அவன் எங்களை இடிச்சா."

"ரெண்டு பேரும் இடிக்காட்டி?"

ஹியூபேட்டுக்கே தலை சுற்றியது. இடிக்கிறவன் யார், இடிபடுகிறவன் யார், இவர்களுக்கு நடுவில் தான் யார் என்றுகூட அவருக்கு நிச்சயமில்லாமல் போய்விட்டது. அந்தக் குழப்பத்திலேயே வாய்க்கு வந்ததை எடுத்து விட்டார்.

"அதை விடும். விஷயம் என்னெண்டா, ஒரு காரை ஒரு ஆள்தான் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ் பேப்பர்ல ஆர்ட பேரோ, அந்த ஆள். மத்த ஆள் ஸ்டியரிங்ல கை வச்சா பொலிஸ் வந்து இழுத்துக்கொண்டு போயிரும்."

அப்படியொரு சட்டம் அந்த நிமிஷம்வரை இலங்கையில் இருக்கவில்லை. மெற்றில்டா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சட்டமெண்டா சட்டம்தானே" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். ஹியூபேட்டுக்கு வந்த சந்தோஷப் புளுகத்தில் அன்றைக்குக் காரை இரண்டு தரம் கழுவினார்.

அடுத்த கிழமை இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெள்ளவத்தையில் தங்கச்சியைப் பார்க்கவேண்டுமென்று மெற்றில்டாவும் காரில் ஏறிக்கொண்டாள். அங்கேயே காலி வீதி என்கிற பெருந்தெருவில் இருந்த இன்ஷூரன்ஸ் கந்தோருக்கு இரண்டு பேரும் போனார்கள். கவுண்டரில் ஸும்றா என்று ஒரு பிள்ளை கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"பேர் மாத்தமில்லதானே அங்கிள்? ஓனர் மிஸிஸ் மெற்றில்டாதானே?"

ஹியூபேட்டுக்கு அப்போதுதான் பழசு ஞாபகம் வந்தது. வினை அவருடையதுதான். அண்ணன் கிங்ஸ்லி ஞாயிறு தவறாமல் கார் இரவல் கேட்பார், பெற்றோல் தீர்ந்தால்தான் திருப்பித் தருவார். "என்ட கார் இல்ல அண்ணே, அவட கார், அவட்டக் கேளுங்க" என்று தப்புவதற்காக, இந்தக் காரை வாங்கும்போதே பெண்சாதி பேரில் பதிந்தார். மெற்றில்டாவிடம் கேட்கப் பயந்து கிங்ஸ்லி வரவை நிறுத்திக்கொண்டார். வருஷா வருஷம் பேப்பரை வாசிக்காமலே மடித்து வைத்த ஹியூபேட்டும் விஷயத்தையே மறந்துபோனார்.

புதுப் பேப்பரை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்த மெற்றில்டா, வெளியே வந்ததும் நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயோ இஞ்சாருங்க! இதில என்ட பேரெல்லோ! அப்ப இவ்வளவு காலமும் நீங்க சட்டத்துக்கு மாறாவா ஓட்டினீங்க? மாதாவே, பொலிஸ் பிடிச்சிருந்தா? திறப்பைத் தாங்க. இனி நீங்க அதில கை வைக்கப்படாது."

"கொஞ்சம் பொறும் மெற்றில்டா."

"பொறுக்கேலாது. உங்களை மறியல்ல கம்பிக்குப் பின்னால பார்க்க என்னால ஏலாது."

ஹியூபேட் திறப்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றார். சட்டம் உண்மையென்றால் கார் போச்சு. பொய்யென்றால் மானம் போச்சு. மானம் எப்படியும் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது, அது போகட்டும் என்று துணிந்துவிட்டார்.

"அப்பிடியொரு சட்டமே இல்ல. நான் சும்மா சொன்னனான்."

"பொய்யா?"

"சுத்தப் பொய். பேப்பர்ல ஆர்ட பேர் இருந்தா என்ன? லைசன்ஸ் இருக்கிற ஆரும் ஓட்டலாம்."

"ஆரும்?"

"ஆரும்!" என்று அடித்துச் சொன்னார் ஹியூபேட்.

"அப்ப தாங்க" என்று கையை நீட்டினாள் மெற்றில்டா.

ஹியூபேட் திறப்பைக் கொடுத்துவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக் குந்தினார். மெற்றில்டா சீட்டை முன்னுக்கு இழுத்தாள், கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பினாள், பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பெல்ட்டைப் போடுங்க. அது மெய்யான சட்டம்."