சர்க்கரை இல்லாத இரு சம்பந்திகள் கப்பலுக்கு இன்சூரன்ஸ் எடுத்த நாள்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து, ஆவடி பக்கம் எங்கள் சேக்காட்டுத் தெருக்களில் தேங்கிய தண்ணீர் வடியத் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. அன்றைய வேலை ஒன்றே ஒன்று: கப்பல் பயணத்துக்கு இன்சூரன்ஸ் வாங்க வேண்டும்.

இதைப் போன மாதமே முடித்திருக்கலாம். முடிக்காததற்குக் காரணம் நான்.

பெங்களூரில் இருக்கும் என் மகனும் மருமகளும் தங்கள் இரு அம்மாக்களையும் ஒரு சொகுசுக் கப்பலில் அனுப்பிவைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, இலங்கை வரை போய்த் திரும்ப வேண்டும். ஒரு அம்மா நான். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னொருவர் என் சம்பந்தி தனம், மருமகளின் தாயார். அண்ணனூர்க்காரர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். இருவருமே கணவரை இழந்தவர்கள். இருவருமே கடலைக் கரையில் நின்று மட்டும் பார்த்தவர்கள்.

வானகரத்தில் டிக்கெட் போட்ட ஏஜென்சியில் பவித்ரா என்று ஒரு பெண். அவள் அப்போதே கேட்டாள்: "ஆன்ட்டி, இன்சூரன்ஸும் சேர்த்துப் போட்டுடட்டுமா? ஒரு டிக் அடிச்சா போதும்."

நிபந்தனைகளைப் படிக்காமல் டிக் அடிக்கும் வழக்கம் எனக்குக் கிடையாது என்றேன். பாவம், அவள் அத்தனையையும் அச்சிட்டுக் கொடுத்தாள். வீட்டில் பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்து படித்தேன். கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு போனால் என்ன கிடைக்கும் என்பது வரை தெரிந்துகொண்டேன். என் ஐயங்களை எல்லாம் தொகுத்து முடித்த நாளில், அந்த இன்சூரன்ஸ் எடுப்பதற்கான கெடு முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு, எடுக்கத்தான் வேண்டுமா என்று நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பவித்ரா அழைத்து என் யோசனையை முடித்துவைத்தாள்.

"ஆன்ட்டி, அறுபத்தஞ்சு தாண்டினவங்களுக்கு இன்சூரன்ஸ் கண்டிப்பா வேணும்னு கப்பல்காரங்க சொல்லிட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பாலிசி வரலைன்னா உங்க ரூமை வெயிட்டிங்ல இருக்கிறவங்களுக்குக் குடுத்துடுவாங்க."

"கட்டின பணம்?"

"திரும்ப வராது ஆன்ட்டி. நீங்க படிச்ச நிபந்தனையிலேயே இருக்குமே."

இருந்தது. அடிக்கோடும் போட்டிருந்தேன்.

தனத்தை அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா சம்பந்திம்மா இது? நல்லபடியா கப்பலேறப் போற நேரத்துல, செத்தா எவ்ளோ, கால் ஒடஞ்சா எவ்ளோன்னு பேரம் பேசிகினு. எனக்கு ஒண்ணியும் வாணாம். எங்கூட்டாண்ட மாரியாத்தா கீறா, அவ பாத்துக்குவா."

"மாரியாத்தா அஞ்சு மணிக்குள்ள பாலிசி அனுப்புவாளா?"



"தெரு முச்சூடும் சொல்லிட்டேனே" என்றார் தனம், குரல் இறங்கி. "இனிமே போலன்னா, நான் பால் பாக்கிட்டு வாங்கக்கூட வெளிய தலகாட்ட முடியாது. இருங்க, வந்துகினே கீறேன்."

எனக்குத் தெருவைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் எழுபத்தொரு வயதில் முதன்முறையாகக் கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கப் போகிறேன் என்று நானும் சில நாட்களாகத் தூங்காமல்தான் இருந்தேன்.

ஃபோனிலேயே வாங்கிவிடலாம் என்றான் மகன். முகம் தெரியாத இடத்தில் நான் பணம் கட்டுவதில்லை என்றேன். ஆகவே அம்பத்தூரில் என் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனோம். அங்கே முகம் தெரிந்தது. டை கட்டிய இளைஞரின் முகம், மிகவும் மலர்ந்திருந்தது.

"இன்சூரன்ஸா? உக்காருங்க மேடம்" என்று வண்ணப் படங்களை விரித்தார். "வருஷா வருஷம் கட்டினா போதும். பத்து வருஷத்துல மொத்தமா கைக்கு வரும்."

"எனக்கு எழுபத்தொண்ணு."

"அதனால என்ன மேடம்? பேரன் பேர்ல போட்டுடலாம். எண்பத்தொண்ணுல நீங்க ஜாலியா டூர் போங்க."

"கப்பல் அடுத்த வாரம் கிளம்புது தம்பி."

அவர் அசரவில்லை. "அதுக்கு வேற ப்ளான் இருக்கு மேடம். முதல்ல இதைப் போட்டுட்டு..."

தனம் எழுந்தார். "நைனா, அந்தக் கப்பலுக்கு ஒரு ஃபோன் போட்டு, பத்து வர்சம் நிக்கச் சொல்லு. நாங்க வெளிய ஒக்காந்துனு கீறோம்."

அடுத்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது. எங்கள் தொழிற்சாலைச் சாமான்கள் கப்பலில் போகும்போதெல்லாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில்தான் காப்பீடு செய்வார்கள். கப்பல் என்றால் கப்பலைத் தெரிந்தவர்களிடம் போக வேண்டும் என்பது என் தர்க்கம். தனத்துக்கு வழி நெடுக இதை விளக்கிக்கொண்டே போனேன். அவர் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்பூச்சு" என்றார்.

அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்கேருந்து எங்கே?"

"சென்னைத் துறைமுகம், இலங்கை, மறுபடி சென்னை."

"எத்தனை?"

"ரெண்டு."

"ரிட்டர்னும் சேர்த்தா?"

"திரும்பி வர்றதாத்தான் உத்தேசம்."

"புதுசா, பழசா?"

நான் அவரை முறைத்தேன். அதற்குள் தனம் முந்திக்கொண்டார். "பழ்சுதான் சார். ஆனா நல்ல கண்டிசன்ல கீது."

"எடை?"

"அது எதுக்கு?" என்றேன்.

"பேக்கிங் எப்படி? மரப்பெட்டியா, பேலட்டா?"

அந்தக் கேள்வியில் தனத்தின் முகம் மாறியது. "சம்பந்திம்மா, எந்திரிங்கோ. இவரு நம்மள ஸ்ட்ராப் போட்டு லோடுல ஏத்தப் பாக்கறாரு."

அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அங்கே சரக்குக்கு மட்டும்தான் காப்பீடாம். உண்மையிலேயே வருந்தினார். "மெஷினா இருந்தா அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுத்திருப்பேம்மா."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது.   

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். மகனை அழைத்து, நீ சொன்ன ஃபோன் வழியே சரி என்றேன். அவன் நல்ல பிள்ளை. சிரிப்பை ஃபோனைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தான். எங்கள் இருவர் பெயரிலும் ஒரே பாலிசியாக அவனே விவரங்களை நிரப்பி அனுப்பினான், கம்பெனியின் எண்ணை எங்கள் இருவர் ஃபோனுக்கும் அனுப்பினான். வயதானவர்கள் என்பதால் கம்பெனியிலிருந்து அழைத்து உடல்நலக் கேள்விகள் கேட்பார்கள், பதில் சொன்னதும் பாலிசி வந்துவிடும் என்றான்.

"காபிக்கு சக்கரை போடலாமா?" என்றார் பரிமாறுபவர்.

"தூக்கலா" என்றேன்.

"எனக்கும் அப்டியே" என்றார் தனம்.

இந்த இடத்தில் ஒரு குடும்ப விவரத்தைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று, இரு வீட்டாரும் பேச்சுவாக்கில் பரம்பரை நோய்களை விசாரித்துக்கொண்டோம். "எங்க பக்கம் சர்க்கரையே கிடையாது" என்று நான் சொன்னேன். "எங்க பக்கமும்தான்" என்று தனம் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டுக்கு வந்தால் அவர் பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குவார். அவர் வீட்டில் அதிரசத்தை நான் மறுத்ததில்லை.

எனக்குப் பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை. ரத்த அழுத்தம் தனி. ஆனால் சம்பந்தி முன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? நாளைக்குப் பேரன் லேசாகத் தும்மினாலும் நம் பக்கத்து ரத்தத்தின் மேல்தான் பழி விழும்.

ஃபோன் வந்தது. ஹோட்டல் இரைச்சலில் தனத்துக்குக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன். மரியாதை தெரிந்த ஒரு பையன்.

"மேடம், உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கா?"

தனம் காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றேன்.

"ரத்த அழுத்தம்?"

"இல்லை."

"தினமும் எடுத்துக்கிற மாத்திரை?"

"எதுவும் இல்லை." அந்த எதுவும் இல்லாதவை என் கைப்பைக்குள் ஒரு டப்பாவில் காலை, மாலை என்று பிரிந்து கிடந்தன.

அடுத்து தனம். "எனக்கா? கல்லு மாதிரி கீறேன் நைனா. சக்கர, ப்ரசர்லாம் எங்க பரம்பரைலயே கெடியாது. வோணும்னா சம்பந்திம்மாவ கேளு."

"கிடையாது" என்று நான் சாட்சியும் சொன்னேன்.

"சூப்பர் மேடம். இந்த வயசுல இவ்ளோ ஹெல்த்தியா ரெண்டு பேரை நான் பாத்ததே இல்ல. இந்தக் கால் ரெகார்ட் ஆயிருக்கு. சொன்னது தப்புன்னு தெரிஞ்சா பணம் எதுவும் கிடைக்காது. சரிங்களா?"

சரி என்றோம். ஃபோன் அடங்கியது. 

வேலையில் இருந்த காலத்தில், மயிரிழை வித்தியாசத்துக்காக ஒரு லாரிச் சாமானையே திருப்பி அனுப்பியவள் நான். எத்தனையோ பேர் கெஞ்சினார்கள், அசையவில்லை. இன்று இரண்டு பழைய உருப்படிகளுக்குச் சரி என்று முத்திரை குத்திவிட்டேன். ஒன்று பழுது என்பதாவது எனக்கு நிச்சயமாகத் தெரியும். நடுக்கடலில் அது மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க மகன் தலையில்.

"கை கழுவிட்டு வர்றேன்" என்று எழுந்தேன்.

"நானும் அப்டியே பின்னால காத்து வாங்கிகினு வரேன். இங்க ஒரே புழுக்கமா கீது" என்றார் தனம், தன் ஃபோனை எடுத்துக்கொண்டு. வெளியே சில்லென்று காற்று அடித்துக்கொண்டிருந்தது. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, கம்பெனி எண்ணுக்குப் போட்டேன். பாட்டுப் போட்டார்கள். நெடுநேரம் கழித்து அதே பையன் வந்தான். சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். இதே பாலிசிக்கு இன்னொரு மேடமும் இப்ப லைன்ல இருக்காங்க. அவங்களும் ஏதோ திருத்தணுமாம். ரெண்டு பேரையும் சேர்த்தே போட்டுடறேன்."

வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சேர்த்துவிட்டான்.

"...அது இன்னான்னா நைனா, சக்கர கீது. பத்து வர்சமா கீது. மூட்டுக்கு ஊசி போட்டுக்கினு கீறேன். கொழுப்புக்கு ஒரு மாத்திரை. இத்தெல்லாம் சம்பந்திம்மாவாண்ட மட்டும் சொல்லிடாத. அது மூஞ்ச ஒரு மாதிரி வெச்சுகினு பாக்கும், தாங்காது."

அந்தக் குரல் முதலில் சன்னல் வழியாகவும், ஒரு நொடி கழித்து ஃபோன் வழியாகவும் வந்தது. சன்னலுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, தனத்தின் புடவைத் தலைப்பு தெரிந்தது.

"மேடம், அவங்களும் லைன்லதான் இருக்காங்க" என்றான் பையன்.

தலைப்பு ஆடாமல் நின்றது.

"தனம்" என்றேன். என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லவேளை, நடுவில் சுவர் இருந்தது. "எனக்குப் பதினாறு வருஷமா இருக்கு. பிரஷரும் இருக்கு."



"அப்ப எங்கூட்டு அதிரசம்?"

"மறுநாள் முழுக்கக் கஞ்சி."

"அடப்பாவமே" என்றார் தனம். "உங்க பாயாசத்துக்கு நானு அண்ணனூர் ஸ்டேசன் பிளாட்பாரத்துல மேலயும் கீழயுமா நடந்துகினு இருந்தேன். எந்த ரயிலுக்கு நிக்கறம்மான்னு போலீஸ்காரன் கேட்டான்."

"அப்புறம் எதுக்கு ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினீங்க?"

"நீங்க ஊத்திகினே இருந்தா நான் இன்னா பண்றது? வாணாம்னா சந்தேகப்படுவீங்கோ."

"மேடம், குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும்" என்றான் பையன். "வெறும் வயித்துல சர்க்கரை அளவு எவ்ளோன்னு ரெண்டு பேரும் சொன்னீங்கன்னா..."

சொன்னோம்.

"என்னுது கம்மி" என்றார் தனம் உடனே.

எங்கள் உண்மைகளை எல்லாம் அவர்களுடைய டாக்டர் பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்து மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். ஆறிப்போன காபியை இருவரும் தொடவில்லை. நான் டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுக்கொண்டேன். தனம் முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்தார். "எங்க அது, காட்டுங்கோ" என்று என் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "நானும் இத்தாம்மே" என்றார். தெருத் தோழிகளைக் கூப்பிடும் அந்த 'ம்மே'யை அவர் அதுவரை என்னிடம் பயன்படுத்தியதில்லை. திருத்தவும் எனக்குத் தோன்றவில்லை.

மணி ஐந்து ஆவதற்குச் சற்று முன்னால் பதில் வந்தது. பாலிசி உண்டு, நோய்களுக்காக இருவருக்கும் கூடுதல் தொகை. நான் கார்டில் கட்டினேன், பாலிசி வந்தது, பவித்ராவுக்கு அனுப்பினேன். "ஓகே ஆன்ட்டி, ரூம் உங்களுக்குத்தான்" என்றாள். தனம் அங்கேயே தன் தெருவுக்கு ஃபோன் போட்டு, கப்பல் நிச்சயம் என்று அறிவித்தார்.

பாலிசியின் ஒரு பிரதி மகனின் மின்னஞ்சலுக்கும் போயிருந்தது, எங்கள் நோய்களை வரிசைப்படுத்தி. நாங்கள் பஸ் ஏறுவதற்குள் இரண்டு ஃபோனும் அடித்தன. மகன் என்னை அழைக்கவில்லை, தன் மாமியாரை அழைத்தான். மருமகள் தன் தாயை அழைக்கவில்லை, என்னை அழைத்தாள். "பதினாறு வருஷமா அத்தை?" என்றாள். எனக்குச் சிக்னல் சரியில்லை என்றேன்.

போனோம், கடலைப் பார்த்தோம், வந்தோம். யாரும் மயங்கி விழவில்லை, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எங்களுக்காகச் செலவழிக்க நேரவில்லை.

நான் கார்டில் கட்டிய கூடுதல் தொகையில், தனத்தின் பங்கை என் மகன், பாலிசி வாங்கிய அன்று இரவே அனுப்பிவைத்திருந்தான். என் பங்கை மருமகள் மறுநாள் காலை அனுப்பினாள். சொந்தத் தாயின் சர்க்கரைக்குப் பொறுப்பேற்க இருவருமே முன்வரவில்லை.