கம்பவுண்டர் சொன்ன காற்று

இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று ஏசி மெக்கானிக் தீர்மானித்தபோது, அவர் கையில் ஒரு காலண்டர் அட்டை இருந்தது. அதை வைத்துத்தான் விசிறிக்கொண்டிருந்தார்.

சிரிக்கக் கூடாது. ஊரில் பாதி வீடுகளுக்குக் குளிர் கொடுக்கிற மனிதர் அவர். அவர் வீட்டுப் படுக்கையறை ஏசி மட்டும் ஒன்றரை வருஷமாக மூச்சு விடவில்லை. கெபாசிட்டர் போயிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் அவர் "நாளைக்கு" என்று பெயர் வைத்திருந்தார்.

ஆனால் இப்போது அவர் முடிவு கட்ட நினைத்தது ஏசிக்கு அல்ல. எதிர் வீட்டுக் கம்பவுண்டருக்கு.

எல்லாம் கூடாரத்தால் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி, படுக்கையறையை ஒட்டிய சின்ன அறையில் ஒரு செடிக் கூடாரம் போட்டாள். பீரோ உயரம் இருக்கும். வெளியே கறுப்புத் துணி, உள்ளே வெள்ளித்தாள் மாதிரி பளபளப்பு, முன்பக்கம் நீள ஜிப். மேலே தொங்குகிற விளக்குதான் சூரியன். கீழே நாலு தொட்டியில் குடைமிளகாய்ச் செடிகள். வெயிலுக்கும் மழைக்கும் காத்திருக்காமல் வீட்டுக்குள்ளேயே விளைவிக்கலாம்.

ஒரே ஒரு சங்கடம். விளக்கு வெளிச்சம் மட்டும் தராது, சூடும் தரும். மூடிய கூடாரத்தில் அந்தச் சூடு எங்கே போகும்? செடிதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவள் முதலில் வீட்டுக்காரரிடம்தான் கேட்டாள்.

"ஏங்க, கூடாரத்துக்குள்ள ரொம்பச் சூடா இருக்கு. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்."

"நாளைக்கு."

இப்படி மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை பால்கனியில் நின்று கேட்டாள். எதிர்ப் பால்கனியில் கம்பவுண்டர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர் வீட்டிலும் ஒரு கூடாரம் இருந்தது, கீரை போட்டிருந்தார். நடுவில் இருந்த சந்து ரொம்பக் குறுகல். இங்கே பேசினால் அங்கே கேட்கும். அங்கே பேசினால் இங்கே மெக்கானிக்கின் வயிறு எரியும்.

"முப்பத்தெட்டு டிகிரி சார்!" என்றாள்.

"ஐயோ, காய்ச்சல் மாதிரி இல்ல இருக்கு! விளக்குக்குப் பக்கத்துல அளந்தீங்களா, இலைக்குப் பக்கத்துலயா?"

"இலைக்குப் பக்கத்துல சார்."

"கெட்டிக்காரி! எல்லாரும் விளக்குக்குக் கீழ அளந்துட்டு பயந்து சாவாங்க. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, விளக்கு அணைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. மூணு வேளையும் அளந்து எழுதுங்க."

கெட்டிக்காரி! கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையைத் தாம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோமா என்று மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். சொன்னதாக நினைவில்லை. சொல்லாமல் விட்டதை எதிர் வீட்டிலிருந்து ஒருவன் எடுத்துச் சொல்லுவான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"இருமலுக்கு மருந்து கொடுக்கறவருக்குக் காத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"இருமுதுன்னு போனா உடனே எடுத்துக் கொடுக்கறாரே. நாளைக்கு வாங்கன்னு சொல்றதில்லையே."

"நான் இருபது வருஷமா காத்தோட குடும்பம் நடத்தறேன், தெரியுமா?"

"தெரியும். காத்தோட நீங்க நடத்தறீங்க. வீட்டுல நான் தனியா நடத்தறேன்."

மெக்கானிக் காலண்டர் அட்டையை இன்னும் வேகமாக விசிறிக்கொண்டார்.

கம்பவுண்டர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, கூடாரத்தின் உச்சியில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினாள். கீழே வலை வைத்த ஓட்டையைத் திறந்துவிட்டாள். சூடான காற்று மேலே ஏறும். ஃபேன் அதை வெளியே இழுத்துத் தள்ளும். கீழே வலை வழியாக அறைக் காற்று உள்ளே வரும். அவ்வளவுதான் விஷயம். இதையே மெக்கானிக் ஆயிரம் வீட்டில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறார். ஆயிரத்தோராவது வீடு தம்முடையதாக இருந்ததால் சொல்லவில்லை.

ஃபேன் ஓடியதும் கூடாரத்தின் துணிச் சுவர்கள் லேசாக உள்ளே ஒடுங்கின. போட்டோ எடுக்கும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவரைப் போல. சூடு முப்பத்தொன்றுக்கு இறங்கியது. ஒரே வாரத்தில் பதினொரு பூ.

"பதினொண்ணு சார்!" என்று பால்கனியிலிருந்து கூவினாள்.

"சபாஷ்! உங்க கை ராசி!" என்றார் கம்பவுண்டர்.

கை ராசியாம். மெக்கானிக்குக்குச் சாதம் இறங்கவில்லை.

அன்றுதான் அந்த மகத்தான தீர்மானம். கம்பவுண்டர் சொன்ன காற்று ஒரே நாளில் கெட வேண்டும். "ஐயோ, என்னங்க இது?" என்று மனைவி ஓடி வர வேண்டும். தாம் நிதானமாக எழுந்து போய், ஒரு பார்வை பார்த்து, "இது கம்பவுண்டர் வேலை, அதான்" என்று சொல்லிச் சரிசெய்ய வேண்டும்.

சனிக்கிழமை காலை அவள் கடைக்குப் போனாள். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டார். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி மாட்டினார். வெளியே இழுக்க வேண்டிய ஃபேன் இனி உள்ளே தள்ளும். மேலே ஏறுகிற சூட்டைப் பிடித்து மறுபடி செடியின் தலையிலேயே போடும். செய்வது திருட்டு வேலைதான். ஆனாலும் கைப்பழக்கம் விடுமா? நாலு ஸ்க்ரூவுக்கும் வாஷர் போட்டு, ஒயரை மடித்து டேப் ஒட்டி, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.

மத்தியானம் அவள் கூடாரத்து ஜிப்பைத் திறந்தாள். முப்பத்தொன்பது.

ஓடி வரவில்லை. "ஐயோ" என்றும் சொல்லவில்லை. ஓரடி பின்னால் வந்து நின்று கூடாரத்தைப் பார்த்தாள். ஒட்டியிருந்த துணிச் சுவர்கள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பியிருந்தன. அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாள். ஒயரின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தொட்டியில் விழுந்து கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன, கம்பவுண்டர் மருந்து வேலை செய்யலையா?" என்றார் மெக்கானிக், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். மூன்று வெள்ளைப் பூக்கள், காம்போடு.

"சூடு தாங்காம உதிர்ந்துடுச்சு. பூ உதிர்ந்தா காய் கிடையாது. நாளைக்கும் இப்படியே இருந்தா மிச்சம் எட்டும் போயிடும்."

மெக்கானிக்குக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பூவைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. கம்பவுண்டரைத்தானே உதிர்க்க நினைத்தார்? 'நான் பார்க்கிறேன்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"நீங்க எழுந்திருக்க வேண்டாம்" என்றாள் அவள். "கம்பவுண்டர் சாரை வரச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரார்."

"வீட்டுக்குள்ளயா?"

"கூடாரம் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"

"அவர் வந்து என்ன செய்வார்?"

"அறையே கொதிக்குதாம். கூடாரம் அறைக் காத்தைத்தானே உள்ள இழுக்கும், அது எப்படிக் குளிரும்னு கேட்டார். பக்கத்து ரூம் ஏசியை ஓடவிட்டு, அந்தக் காத்தை ஒரு குழாய் வச்சுக் கீழ விடணுமாம். கூடாரத்துச் சூட்டை அறையிலயே கொட்டாம இன்னொரு குழாய் வச்சு ஜன்னலுக்கு வெளிய விடணுமாம்."

எல்லாம் சரி. ஒரு எழுத்து தப்பில்லை. அதுதான் மெக்கானிக்கால் தாங்க முடியவில்லை.

"ஏசிதான் ஓடாதே!" என்றார், ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்டவர் போல.

"அதையும் சொன்னேன். அவருக்குத் தெரிஞ்ச ஏசி மெக்கானிக் ஒருத்தர் இருக்காராம். ரொம்ப நல்லவராம். கூப்பிட்ட அன்னிக்கே வருவாராம். கையோட கூட்டிட்டு வரேன்னார்."

மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம் வீட்டுக்கு இன்னொரு மெக்கானிக்! அவன் தம் ஏசியின் மூடியைத் திறப்பான். உள்ளே ஒன்றரை வருஷத் தூசியைப் பார்ப்பான். கெபாசிட்டரைப் பார்ப்பான். "இதுக்கா?" என்று கேட்பான். கம்பவுண்டர் சிரிப்பார். திங்கட்கிழமை தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே மெக்கானிக் ஸ்டூலின் மேல் நின்றார். முதல் வேலையாக ஃபேனைத் திருப்பி மாட்டினார். கூடாரம் மறுபடி வயிற்றை எக்கிக்கொண்டது. அடுத்து ஏசி. கெபாசிட்டர் மாற்றினார், கால் மணி நேரம்தான் ஆனது. பிறகு ஃபில்டர் கழுவினார். வெளிச் சுவரில் தொங்கும் கண்டென்சர் பெட்டியைத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தார். படுக்கையறையிலிருந்து கூடாரத்தின் கால்மாட்டுக்கு ஒரு டக்ட் குழாய், உச்சியிலிருந்து ஜன்னலுக்கு ஒன்று. வளைவு அதிகமானால் காற்று தடைப்படும் என்று அளந்து அளந்து வெட்டினார். நடுவில் டீ வந்தது. குடிக்காமல் வேலை செய்தார். இரண்டாவது டீயும் வந்தது.

ஒன்பதே முக்கால். சூடு இருபத்தேழு. எட்டுப் பூவும் தென்றலில் தலையாட்டின. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு படுக்கையறையில் குளிர் காற்று வீசியது.

"இப்ப சொல்லு, அந்தக் கம்பவுண்டரை வரவேண்டாம்னு!"

"நீங்களே சொல்லுங்களேன்" என்றாள் அவள், ஏசிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு.

மெக்கானிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பால்கனிக்குப் போனார். கம்பவுண்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"சார்! நீங்க வரவேண்டாம்!"

"எங்கே சார்?"

"எங்க வீட்டுக்கு! பத்து மணிக்கு! அந்த மெக்கானிக்கும் வேண்டாம்!"

கம்பவுண்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "பத்து மணிக்கு நான் மருந்துக் கடைக்கு இல்ல போறேன்? உங்களைத் தவிர எனக்கு எந்த மெக்கானிக்கைத் தெரியும்? ஏன் சார், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? காய்ச்சல் இருக்கான்னு பாத்தீங்களா?"

மெக்கானிக் போன வேகத்தில் திரும்பி வந்தார். அவள் கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அவர் வரேன்னே சொல்லலையாம்!"

"அப்படியா?"

"அப்ப அந்த ரெண்டு குழாய் யோசனை?"

"என்னோடதுதான்."

"ஃபேனைத் திருப்பினது..." என்று தொடங்கிய மெக்கானிக் பாதியில் நிறுத்தினார். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வானேன்?

"அது நேத்தே தெரியும்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "நாலு ஸ்க்ரூவுக்கும் வாஷர், ஒயருக்கு டேப். இந்த வீட்டுல நீங்க யாரும் கேக்காம, உடனே, இவ்வளவு சுத்தமா செஞ்ச வேலை அது ஒண்ணுதாங்க."

மெக்கானிக் காலண்டர் அட்டையைத் தேடினார். அறை குளிர்ந்தும் அவருக்கு வேர்த்தது.

"அப்புறம்" என்றாள் அவள், "சமையலறைக் குழாய் ஆறு மாசமா சொட்டுது. கம்பவுண்டர் சாருக்கு அதுவும் கொஞ்சம் தெரியும்னார்."

பொய். பச்சைப் பொய் என்று மெக்கானிக்குக்கு இப்போது நன்றாகவே தெரியும்.

"அவருக்குத்தான் இன்னிக்குக் கடை இருக்கே" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"அஞ்சு மணிக்கு மூடிடுவார்."

மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.