மாமிக்கு வந்த பூனை வருத்தம்

பொய் சொல்வதற்கும் ஒரு கைப்பக்குவம் வேண்டும். எனக்கு அது இல்லை என்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் சுன்னாகத்தில் தனியே வாடகைக்கு இருந்தபோது, சிங்காரி வருத்தம் வந்து படுத்த நேரத்தில்தான் தெரிந்தது.

சிங்காரி என் பூனை. மூன்று நாளாகப் பாலைத் தொடவில்லை. குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தது. மாட்டுக்கு வருத்தமென்றால் வைத்தியம் பார்க்க மாட்டுப் பரியாரி இருக்கிறார். பூனைக்கு ஒருவரும் இல்லை. மனிதருக்கு நாடி பிடிக்கும் பெரிய பரியாரியாரிடம் போய்ப் பூனைக்கு மருந்து கேட்டால் (அதுவும் என்னைப் போல ஒரு வாத்தியார் கேட்டால்) ஊர் சிரிக்கும். ஆனாலும் போனேன்.

"ஆருக்கு வருத்தம்?" என்றார்.

கொடிகாமத்து மாமியின் முகம் அந்த நேரம் பார்த்து ஏன் நினைவுக்கு வந்ததோ தெரியாது. "கொடிகாமத்து மாமிக்கு" என்றேன். "என்னட்டை வந்து நிக்கிறா."

குளிகை தந்தார். தேனில் உரைத்துக் கொடுக்கச் சொன்னார். சிங்காரி தேனைக் காறித் துப்பியதால் பாலில் கரைத்து, வாயைப் பிளந்து ஊற்றினேன். மறுநாள் திரும்பவும் அவர் முன் நின்றேன்.

"இப்ப எப்பிடி?"

"இன்னும் மோசம் பரியாரியார். விறகுக் குவியலுக்கை போய்ப் படுத்திட்டா."

"மாமியோ?"

"ஓம். கிட்டப் போனால் பிறாண்டுறா." (கையை வேறு நீட்டிக் காட்டினேன். அவ்வளவுதான் எனக்கு மூளை.)

அவர் என் கைக் கீறல்களை நெடுநேரம் பார்த்தார். "தம்பி, வருத்தம் தலைக்கேறிட்டுது. குளிகையை இரட்டிப்பாய்க் குடு. நாளைக்கு நான் வந்து நாடி பாக்கிறன். சொந்தக்காரருக்கும் அறிவிச்சு விடு."

நான் விழித்த விழியைக் கண்டு, அவரே கொடிகாமம் போகிற வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டார். அந்த மனிதரும் கடமை தவறாமல் மாமி வீட்டுப் படலையைத் தட்டி, "இந்த வீட்டு மாமி சுன்னாகத்திலை சாகக் கிடக்கிறாவாம்" என்று அறிவித்தார். படலையைத் திறந்ததே மாமிதான்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. இரட்டிப்புக் குளிகை கொடுத்த மறுநாள் காலை சிங்காரியால் தலையைத் தூக்க முடியவில்லை. வகுப்பையே நடுங்க வைக்கிற வாத்தியாரான நான், விறகுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதேன். எனக்கென்று அந்த வீட்டில் இருந்த உயிர் அது ஒன்றுதான்.

அப்போது பரியாரியார் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே, காலை ரயிலில் வந்திறங்கிய மாமி.

"நீங்கள் ஆர்?" என்று கேட்டார் பரியாரியார்.

"நான்தான் சாகக் கிடக்கிறன்" என்றார் மாமி.

நான் விறகுக் குவியலைச் சுட்டிக் காட்டினேன். பரியாரியார் குனிந்து பார்த்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், ஆனால் அவர் முகம் வெளிறியது.

"மனுசரின்ரை அளவையோ உதுக்குக் குடுத்தனி? அதுவும் இரட்டிப்பாய்? டேய், உதைக் கொல்லுறது வருத்தமில்லை, என்ரை மருந்து! பூனையெண்டு சொல்லியிருந்தால் மிளகளவு தந்திருப்பனே!"

சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தார். பழக்கதோசத்தில் அதன் முன்னங்காலைப் பிடித்து நாடி பார்த்தார். "மருந்தை நிப்பாட்டு. கஞ்சித்தெளிவு மட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மாமி போகவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை. கஞ்சி வடித்து, பஞ்சில் நனைத்து, சொட்டுச் சொட்டாக விட்டார்.

"நீங்கள் ஏன் மாமி கரைச்சல்படுறியள்?"

"என்ரை பேரிலையல்லோ வருத்தமாய்க் கிடக்குது. உது செத்தால் எனக்குக் கூடாது."

மூன்றாம் நாள் சிங்காரி கஞ்சியை நக்கியது. பிறகு மாமியின் விரலைக் கடித்தது. "தப்பிட்டன்" என்றார் மாமி.

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "விறகுக்கை போய்ப் படுத்திட்டாரோ?" என்றுதான் முதற்கேள்வி. மாமி எனக்கு எழுதிய கடிதங்களெல்லாம் "நானும் பூனையும் சுகம்" என்றே தொடங்கின. சிங்காரி வயதாகிச் செத்துப் பல வருடங்களான பின்னும் அப்படித்தான்.

போன வருடம் மாமி உண்மையாகவே காலமானார். கொழும்பிலிருக்கும் அண்ணைக்குத் தந்தி அடித்தேன். செத்தவீட்டில் நிற்கும்போது பதில் தந்தி வந்தது: "மாமியா? பூனையா?"

முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு குலுங்கினேன். பாவம், தாங்கமுடியாமல் அழுகிறார் என்று சொந்தக்காரர் என்னைப் பிடித்து இருத்தினார்கள். சிரிக்கத்தான் தொடங்கினேன். அவர்கள் என்னை இருத்தியபோது, அவர்கள் சொன்னதே சரியாகிவிட்டிருந்தது.