முன் டயருக்கு ஒரு சிவப்புப் பொட்டு

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று வண்டியை விட்டு இறங்கிப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சீட்டில் உட்காருவதற்குள் ஏதாவது செய்திருப்பார்களோ என்றும் யோசிப்பேன். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டில் மிச்சத் துணி எங்கே என்று கேட்டுக் கேட்டு, விழுப்புரத்தில் ஒரு டெய்லர் என்னைத் தெருமுனையில் கண்டாலே மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். (மிச்சத் துணி இன்னும் வரவில்லை.) இப்படிப்பட்டவளுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு கார் வாய்த்தது. அந்தக் காருக்குப் புதிதாக நாலு டயர் வாங்கியதில்தான் என் மானம் போனது.

வீடு விழுப்புரத்தில். வேலை திண்டிவனத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பல வருடம் பஸ்ஸில் தொங்கிவிட்டு, கடைசியில் பழைய கார் ஒன்றை வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். என் கணவர் ராஜேந்திரனுக்குக் கெடார் பக்கம் நிலம், மல்லாட்டை (வேர்க்கடலைதான்) போடுகிறார். வார நாளில் பைக்கில் போவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் காரை எடுத்துக்கொண்டு போவார். நல்ல மனிதர். ஆனால் நான் காரை எடுக்கும்போதெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டு, தெருமுனை வரை பின்னாலேயே நடந்து வருவார். வழியில் மாடு வந்தால் என் சார்பில் அவரே விரட்டுவார்.

டயர் வாங்கத் திண்டிவனத்தில் ஒரு கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் கோட்டக்குப்பத்துக்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் வேலை செய்யும் முருகன், பணம் கொடுக்கப் போவது நான், ஓட்டப் போவது நான் என்று தெரிந்தும், டயரின் அருமை பெருமைகளை எல்லாம் என் கணவர் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "மேடமா ஓட்டுவாங்க? அப்ப டயரு ஜல்தி தேஞ்சிடும் சார்" என்றார். என் கணவர் சிரித்துத் தொலைத்தார்.

பாய்தான் என்னிடம் திரும்பி ஒரு அட்டையைக் கொடுத்தார். "டீச்சர், இந்தக் கார்ட பத்திரமா வச்சிக்கினு வாங்க. சொன்ன கிலோமீட்டருக்கு முன்னாடியே டயர் தேஞ்சிடுச்சின்னா, மிச்ச ஓட்டத்துக்குக் கம்பெனி கழிச்சிக் குடுக்கும். ஆனா முன் டயர பின்னாடி, பின் டயர முன்னாடின்னு கரெக்டா மாத்திக்கினே வரணும். ஒவ்வொரு வாட்டியும் தேதி, கிலோமீட்டர் எழுதி இங்க சீல் வாங்கணும். ஒண்ணு வுட்டாலும் கிளைம் கெடையாது."

எங்கள் காரை இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம். அதனால் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். மாற்றி மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றுபோலத் தேயும் என்று விளக்கினார். எனக்குப் புரிந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. கழற்றின டயரை அதே இடத்தில் மாட்டிவிட்டுச் சீல் குத்திக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? நாலு டயரும் கறுப்பு, நாலும் வட்டம்.

திரும்பி வரும்போது கணவரிடம் சபதம் போட்டேன். "இனிமே கார் விஷயத்துல நீங்க தலையிடக் கூடாது. அந்தக் கடைப் பக்கமே வரக் கூடாது. டயர் தேஞ்சா கிளைம நானே வாங்கிக் காட்றேன். வாங்கலன்னா சாவிய உங்ககிட்ட குடுத்துட்டுப் பழையபடி பஸ்ல போறேன்."

"சரி சுமதி. நான் அந்தக் கடைப் பக்கமே வரமாட்டேன்" என்றார். சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார். அங்கேதான் நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்றைக்கே என் மகள் விட்டுவிட்டுப் போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனேன். முன் டயர் இரண்டுக்கும், உள்பக்கமாக, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஆளுக்கொரு பொட்டு. மாற்றிப் போட்டால் பொட்டு பின்னால் போக வேண்டும். போகவில்லை என்றால் பாய் பிடிபட்டார். இந்த யோசனை வந்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை ஏற்பட்டது.

முதல் தடவை மாற்றும் நாள் ஒரு சனிக்கிழமை. கடையில் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் டீயைக் கொடுத்துவிட்டார்கள். (டீ கொடுப்பதே கண்ணை மறைக்கத்தான் என்று அப்போது உறுதியாக நம்பினேன்.) எனக்கும் காருக்கும் நடுவில் பழைய டயர் அடுக்கு ஒன்று ஆளுயரத்துக்கு நின்றது. கழற்றுவது தெரிந்தது, எதை எங்கே மாட்டினார்கள் என்பது தெரியவில்லை. சீல் குத்தி வாங்கிக்கொண்டு, கிலோமீட்டரை நானே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கேயே குனிந்து பார்த்தால் பொட்டு ரகசியம் வெளியாகிவிடும். வீட்டில் பார்த்தால் கணவர் கேலி செய்வார். ஆகவே திங்கட்கிழமை, பள்ளிக்கூட ஷெட்டில், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் தலையை விட்டுச் செல்போன் வெளிச்சம் அடித்தேன்.

பொட்டு முன்னாலேயே இருந்தது.

"என்னா டீச்சர், கம்மல் வுழுந்துடுச்சா?" என்று பின்னால் பியூன் குரல் கேட்டது. ஆமாம் என்றேன். அவரும் பாவம், என்னோடு சேர்ந்து ரொம்ப நேரம் கம்மலைத் தேடினார்.

உடனே போய்ச் சண்டை போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பரீட்சையில் ஒரு பையன் காப்பி அடிப்பதைப் பார்த்தால் நான் உடனே பிடிக்கமாட்டேன். முழுப் பக்கமும் எழுதட்டும் என்று விட்டுவைப்பேன். பாயையும் அப்படியே விட்டுவைத்தேன். ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமை சீல், திங்கட்கிழமை ஷெட், ஒரு போட்டோ. ஒவ்வொரு தடவையும் பொட்டு முன்னால். என் முன் டயர் கண்ணெதிரே தேய்ந்துகொண்டிருக்க, ஆதாரம் சேருகிறதே என்று நான் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இதே காலத்தில் வீட்டிலும் ஒரு சந்தேகம் முளைத்தது. சில ஞாயிற்றுக்கிழமை கணவர் கெடாரிலிருந்து திரும்பும்போது வேட்டியில் கறுப்புக் கறை. கேட்டால், "மோட்டாரு பேஜாரு பண்ணுச்சி" என்பார். எனக்குத் தெரியாமல் பழைய டிராக்டர் ஒன்று வாங்கி யார் கொட்டகையிலோ நிறுத்திவைத்திருக்கிறார் என்று முடிவுகட்டி, அதற்கும் தனியாக ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன்.

முன் டயர் இரண்டும் வழுக்கையாயின. பின் டயர் இரண்டும் கடையில் வாங்கிய மாதிரியே முள்ளு முள்ளாக இருந்தன. பாயிடம் கிளைம் கேட்டேன். கம்பெனி ஆள் வந்து பார்க்கும் நாளைச் சொன்னார். அன்று கூட்டேரிப்பட்டில் ஒரு வளைகாப்பு இருந்ததால் கணவரும் கூடவே வந்தார். சபதப்படி கடைக்குள் நுழையாமல் எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனி ஆள் சின்னப் பையன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து ஒவ்வொரு டயராகக் குத்திப் பார்த்தார். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். மறுபடி டயரைப் பார்த்தார்.

"மேடம், கார்டு பக்காவா இருக்கு. ஆனா இந்த வண்டியில ஒரு தடவைகூட டயரை மாத்தல."

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! எழுந்து நின்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன். "அதைத்தாங்க நானும் சொல்றேன். சீல மட்டும் குத்திக் குடுத்துட்டு டயர அங்கயே மாட்டியிருக்காங்க. பொம்பளதான, இவளுக்கு என்னா தெரியும்னு நெனச்சிட்டாங்க!" செல்போனை நீட்டினேன். சிவப்புப் பொட்டு போட்டோக்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். பஞ்சர் ஒட்ட வந்தவர்கூட வண்டியை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

முருகனுக்கு முகம் செத்துவிட்டது. "டீச்சரம்மா, எம் புள்ள மேல சத்தியமா நான் மாத்துனேன்" என்றார். பாய் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். "கேமரா இருக்குது டீச்சர். போன மாசம் நீங்க வந்தது கெடைக்கும்."

கிடைத்தது. திரையில் என் கார் தெரிந்தது. நாற்காலியில் கழுத்தை நீட்டிக்கொண்டு கொக்குபோல நான் தெரிந்தேன். முருகன் முன் டயரைக் கழற்றி, உருட்டிக்கொண்டுபோய்ப் பின்னால் மாட்டினார். பின்னால் இருந்ததை உருட்டி வந்து முன்னால் மாட்டினார். அந்தப் பக்கமும் அப்படியே. பாய் அதை இரண்டாம் தடவையும் ஓட்டிக் காட்டினார்.

"அப்ப அந்த டயரு தானா உருண்டுக்கினு முன்னாடி வந்துச்சா?" என்றார் முருகன். அவர் குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கையில் டீ கிளாஸோடு என் கணவர் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், என் செல்போனைப் பார்த்தார். கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"சுமதி, அத்த நாந்தான் பண்ணேன்."

"எத்த?"

"கெடார் ரோட்ல நம்ம சேகர் பஞ்சர் கடை வச்சிக்கினு இருக்கான் இல்ல? இவங்க சீல மட்டும் குத்திட்டு உன்ன ஏமாத்திடுவாங்கன்னு தோணுச்சி. நான்தான் இந்தக் கடைக்கு வரக் கூடாதே. அதான் நீ மாத்திக்கினு வந்த மறுநாள், ஞாயித்துக்கெழம, சேகர்கிட்ட வுட்டு முன்னாடி இருக்கறத பின்னாடி, பின்னாடி இருக்கறத முன்னாடி..."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

"ஒரு வாட்டிகூட தவறல" என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கம்பெனி ஆள் விரலை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார். "சனிக்கிழமை இவங்க மாத்துவாங்க, ஞாயித்துக்கிழமை சார் திருப்பி மாத்திடுவாரு. அப்ப மொத்தத்துல மாத்தவே இல்லை" என்றார். பிறகு, சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோல, "மேடம் ஸ்கூல்ல என்ன சப்ஜெக்ட்?" என்றார்.

"கணக்கு."

முருகன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. எட்டாம் வகுப்புக்கு, மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன ஆகும் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "மாத்தறதுக்கு மேல ஒரு தடவை மாத்தக் கூடாதுன்னு கார்டுல போடலியே" என்று ஒரு வாதத்தை எடுத்துவிட்டேன். கம்பெனி ஆள் அட்டையைத் திருப்பித் தந்தார். "நான் கார்டைப் பார்த்து எழுத முடியாது மேடம், டயரைப் பார்த்துத்தான் எழுதணும்." கிளைம் அத்தோடு போயிற்று.

பாயிடமும் முருகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அத்தனை பேர் எதிரில் கத்தியவள், அத்தனை பேர் எதிரிலேயே கேட்டேன். முருகன், "வுடுங்க டீச்சரம்மா, நானும் அன்னிக்கு அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். பாய் மட்டும் பெருமூச்சு விட்டார். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கினு சந்தேகப்பட்டிருந்தா, டயராச்சும் தப்பிச்சிருக்கும்."

புது டயர் இரண்டை முழுப் பணமும் கொடுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு வரை எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். முருகனாவது முகத்துக்கு நேரே சொன்னார். இவர் என்னிடம் சொல்லாமலே எனக்குத் துணைக்கு வந்திருக்கிறார். வளைகாப்பு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை நீட்டினேன்.

"இந்தாங்க. பேச்சுன்னா பேச்சு. என்மேல உங்களுக்கு நம்பிக்க இல்லல்ல?"

"உன்மேல இல்லன்னு யாரு சொன்னா? அவங்கமேலதான் இல்ல."

"எனக்கும் அவங்கமேலதான் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீயும் பொட்டு வச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்." சாவியைத் திருப்பி என் கையிலேயே வைத்தார். "சாவிய நீயே வச்சிக்க. தெருமுன வரைக்கும் பின்னால வர்றதையும் நிறுத்திடறேன். மாட்ட நீயே ஓட்டிக்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் நான் மட்டுமே மாற்றிக்கொண்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சேகர் கடைப் பக்கம் வண்டியைத் திருப்புவதே இல்லை என்று கணவர் சத்தியம் செய்திருக்கிறார். நம்புகிறேன். நம்புவதால்தான், போன முறை மாற்றிய பிறகு திங்கட்கிழமை ஷெட்டில் சும்மா ஒரு தடவை குனிந்து பார்த்தேன். புது டயர்களுக்கும் நான் வைத்திருந்த சிவப்புப் பொட்டு பின்னால் சமர்த்தாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு நீலப் பொட்டு. மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மாட்டுக் கொம்புக்கு அடித்தோமே, அதே பெயிண்ட். இதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சென்னையில் ஹாஸ்டலில் இருக்கும் எங்கள் மகளுக்கு ராத்திரி நான் போன் போட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள். நான் வைத்ததும், கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு இவர் தன் போனில் கூப்பிட்டு அதையே கேட்பார். அவள் போடுகிற சத்தம் இங்கே அடுப்படி வரை கேட்கும்.

"அம்மா இப்பதாம்பா கேட்டாங்க, சாப்ட்டேன்னு சொன்னேன். நீயும் கேட்டுட்ட. உங்க டயர் கணக்குப்படி இப்ப நான் மறுபடியும் போய் சாப்புடணும்!"