ஜன்னல் இல்லாத அறையும் உங்கள் தங்கையும்

சேசு மரி சூசை துணை

பொன்மலை, திருச்சி
வியாழக்கிழமை காலை

மரியாதைக்குரிய மைத்துனர் ஸ்டீபன்ராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை லூர்துராணியைக் கைப்பிடித்த பெனடிக்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் ஆண்டவர் விட்டுவைத்திருக்கிற அளவுக்கு நலம். முசிறியில் நீங்களும், அக்கா பிரான்சியும், அக்காவின் முழங்காலும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் பேசினால் உங்கள் தங்கை கேட்டுவிடுவாள். போர்டிகோவில் நின்று பேசினால் தெருவே கேட்கும். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான் மச்சான். வருகிற மாதக் கடைசியில் எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் நிறைகிறது. சிங்கப்பூரிலிருந்து மகள் ஆன்சி போன் செய்து, "அப்பா, உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு சர்ப்ரைஸ்" என்றாள். என் வயதில் சர்ப்ரைஸ் என்றால் ரத்தப் பரிசோதனை முடிவுதான், அதனால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கேட்டேன். கப்பலாம். சென்னையில் ஏறி, இலங்கைப் பக்கம் போய், திரும்பவும் சென்னையிலேயே இறக்கிவிடுவார்களாம், மூன்று நாள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்கு எதற்கம்மா கப்பல் என்று கேட்டேன். மருமகன் ஆஸ்டின் போனை வாங்கி, "மாமா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீங்க ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க, உள் ரூமா, பால்கனி ரூமா?" என்றார். அந்த ஒன்றே ஒன்றில்தான் பதினெட்டு நாளாக இந்த வீடு நிம்மதி இழந்து கிடக்கிறது.

படங்களும் அனுப்பினார்கள். உள் அறை என்பது கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் அழகாகத் திரை மட்டும் போட்டிருக்கிறார்கள், விலக்கினால் சுவர். பகலா இரவா என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதிலும் ஆறு மணி என்றால் எந்த ஆறு என்று தெரியாது. பால்கனி அறையில் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, அதற்கப்பால் கடல். நான் உடனே பால்கனி என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த உங்கள் தங்கை, தலையைக்கூடத் தூக்காமல், "உள் ரூம் போதும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "சும்மாதான்" என்றாள். முப்பத்தொரு வருடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "காரணம் கூறுக" என்று கேள்வி கேட்டவள் சொல்கிற பதிலா இது?

நான் ரயில்வே பணிமனையில் காலம் தள்ளியவன், எதையும் அளந்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. உள் அறை நூற்றைம்பது சதுர அடி என்று ஆன்சி சொன்னாள். டேப் எடுத்து, ஹாலில் பதினைந்துக்குப் பத்து என்று சாக்பீஸால் கோடு போட்டு, மூலையில் குளியலறைக்கு மூன்றுக்கு ஐந்து ஒதுக்கி, இரண்டு கட்டிலையும் உள்ளே இழுத்துப் போட்டு, ஜன்னல்களை எல்லாம் சாத்தினேன். மதியச் சாப்பாடு வரை இருவரும் கோட்டைத் தாண்டாமல் உட்கார்ந்து பார்ப்போம், அப்போது தெரியும் உனக்கு என்றேன். உங்கள் தங்கை ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க, ஆன்சி பொறந்த அன்னிக்கு என்னா மழை, ஞாபகம் இருக்கா?" என்றாள். "ம்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? மழை பெய்தது உண்மைதானே. அதற்குள் மோட்டாரை நிறுத்தினேனா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டது, எழுந்து போய்ப் பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தேன். வந்தது வந்தோம் என்று போர்டிகோவில் பேப்பரைப் பிரித்தேன், பன்னிரண்டரை ஆகிவிட்டது.

ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு கியாசுதீன் பாய் ஹாலை எட்டிப் பார்த்து, "யா அல்லாஹ், என்ன சார் ஆச்சு, போலீஸ் வந்து கோடு போட்டுட்டுப் போச்சா?" என்று பதறிவிட்டார். கோட்டுக்குள் உங்கள் தங்கை கீரையை முடித்துவிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள், அது அவர் பயத்தை இன்னும் கூட்டிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். பாய் சவூதியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர், ஜன்னல் இல்லாத அறையின் கொடுமையை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று உட்கார வைத்தேன். அவரோ, "ஜன்னல் இல்லாதது ஒரு கஷ்டமே இல்ல சார். ஆறு பேரு இருந்தோம். ராவு பகலா பேசிக்கிட்டே கெடப்போம். அந்தப் பேச்சு இல்லாட்டி நான் மௌத்தாயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, டீயையும் குடித்துவிட்டுப் போனார். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து வந்து கோட்டை எல்லாம் துடைத்துவிட்டாள். இடுப்புவலிக்காரி, குனிந்து துடைத்தாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரி, தண்ணீருக்கு மேல் பால்கனி என்றால் என்ன சுகம் என்று கண்ணால் காட்டிவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப் போனேன். என்னோடு வேலை பார்த்த நல்லதம்பி அம்மா மண்டபம் பக்கம் நான்காவது மாடியில் குடியிருக்கிறார், பால்கனியிலிருந்து பார்த்தால் காவிரி. லிப்ட் வேலை செய்யவில்லை. ஏறி முடிப்பதற்குள் எனக்கு முன்னோர்கள் எல்லாரும் தெரிந்தார்கள். காவிரியில் தண்ணீர் இல்லை, இன்னும் மேட்டூர் திறக்கவில்லை என்பது எனக்கு நினைவில் இல்லை. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல், நடுவில் ஓர் எருமை. பால்கனியில் பாதியை வாஷிங் மெஷினும், மீதியில் பாதியைப் பேரனின் பழைய சைக்கிளும் பிடித்துக்கொண்டிருந்தன. உங்கள் தங்கை ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு, நல்லதம்பி மனைவி வள்ளிக்கண்ணுவோடு சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் நல்லதம்பியும் வெளியே நின்றோம். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து மட்டும் திறக்கிற கதவு. இரண்டு பேர் போனும் உள்ளே. தட்டினோம், கூப்பிட்டோம். மிக்ஸி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கீழே துளசி மாலை விற்கிறவரைப் பார்த்துக் கையை ஆட்டினோம், அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். ஜூன் மாத வெயிலில் முக்கால் மணி நேரம் மச்சான். கடைசியில் சாப்பிடக் கூப்பிட வந்த வள்ளிக்கண்ணு கதவைத் திறந்து, "நீங்க ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டீங்கன்னு யாருக்குங்க தெரியும்? இவரு எப்பவும் இங்கதான் இருப்பாரு, சோத்துக்குக் கூப்பிட்டாத்தான் உள்ள வருவாரு" என்றது. உங்கள் தங்கை மறுபடியும் என்னை அதே மாதிரி பார்த்தாள். எனக்கு முகமெல்லாம் வெந்து போயிருந்தது, அதைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மனிதர்களால் ஆகவில்லை என்றதும் அந்தோணியாரிடம் போனேன். எங்கள் பங்குக் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு ஒரு விண்ணப்பப் பெட்டி வைத்திருப்பார்கள். சீட்டில் எழுதிப் போட்டால் சாமியார் பொதுவாக, "குழந்தை வரம் கேட்டு ஒரு குடும்பம், வீடு கட்டி முடிய வேண்டி ஒரு சகோதரர்" என்று பெயர் சொல்லாமல் வாசிப்பார். நான் செய்த தப்பு, வேலை பார்த்த பழக்கத்தில் சீட்டுக்கு மேலே பொருள் என்று போட்டு, கீழே பெயர், கதவு எண், ஓய்வூதிய எண் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வந்திருப்பவரோ புதுச் சாமியார், விக்டர் அடிகள், எழுதியிருந்ததை ஓர் எழுத்து விடாமல் மைக்கில் வாசித்துவிட்டார். "பொருள்: கப்பல் பயணத்தில் உள் அறையா பால்கனி அறையா என்பது தொடர்பாக. என் மனைவியின் பிடிவாதம் நீங்க வேண்டி, பெனடிக்ட்." முந்நூறு பேர். பின்னால் பாடகர் குழுவில் யாரோ சிரித்தது ஒலிபெருக்கியிலும் கேட்டது. உங்கள் தங்கை முட்டிபோட்டபடியே முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு யோசனை. உபதேசியார் கப்பலே வேண்டாம் என்கிறார். மாதர் சங்கத்தில் பாதி உள் அறை, பாதி பால்கனி, தேர்தல் மாதிரி ஆகிவிட்டது. போன தவக்காலத்தில் புருஷனைப் பறிகொடுத்த சலேத்மேரி டீச்சர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "சண்டை போட்டுக்க ஆளு இருக்குல்ல சார், அதுக்கு மொதல்ல அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி வைங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன மச்சான். எனக்குக் கடல் பயமில்லை. புயல் பயமில்லை. அந்த அறைதான் பயமாக இருக்கிறது. என் குறட்டைக்காக நான் ஹாலுக்குப் படுக்கையை மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆன்சி இருந்தவரை அவளைப் பற்றிப் பேசினோம், அவள் போன பிறகு எங்கள் பேச்சு என்னவென்றால், மோட்டார் போட்டாச்சா, கேஸ் வந்துச்சா, மாத்திரை சாப்பிட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா. இந்த நான்கும் காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும், கதவு மட்டும் ராத்திரிக்கு. கப்பலில் மோட்டாரும் கிடையாது, கேஸும் கிடையாது. நாள் முழுக்க அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? பால்கனி இருந்தால் காற்று வாங்குகிற மாதிரி எழுந்து போய் உட்கார்ந்துகொள்ளலாம். அவளுக்கும் என் தொந்தரவு இருக்காது. இதை எப்படி அவளிடம் சொல்வது? அதனால்தான் காற்று, வெளிச்சம், கடல் அழகு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்துத் தோற்றுப் போனேன்.

சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறாள் ஆன்சி. நீங்கள் சொன்னால் உங்கள் தங்கை தட்டமாட்டாள். நாளைக்கு இது கைக்குக் கிடைத்ததும் போன் செய்து, தற்செயலாகப் பேச்சு வந்த மாதிரி, மூச்சு முட்டும், பால்கனியே எடுத்துக்கொள் என்று சொல்லவும். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அந்தோணியார் உங்கள் வாழைத்தோட்டத்தைக் காற்றிலிருந்தும், உங்களை என்னைப் போன்ற மைத்துனர்களிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த,
ம. பெனடிக்ட்

பி.கு.: உறைக்குப் பசை தேடிப் போய் வருவதற்குள் உங்கள் தங்கை இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "பால்கனி இருந்தா நீங்க அதுலதாங்க போயி உக்காருவீங்க. இங்க போர்டிகோ, அங்க பால்கனி. அப்புறம் நான் எதுக்குங்க கப்பலுக்கு வரணும்? ஜன்னலே இல்லாத ரூம்னா எந்திரிச்சுப் போறதுக்கு எடமில்லைல்ல. அதான் கேட்டேன்." அப்போதே ஆன்சிக்கு போன் செய்து உள் அறை என்று சொல்லிவிட்டேன். ஆகவே நீங்கள் போன் செய்து எதுவும் பேச வேண்டாம். மேலே கேட்டிருக்கிற உதவியை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக வேறோர் உதவி. மூன்று நாளில் முதல் நாளைக் கப்பல் சாப்பாட்டைக் குறை சொல்லி ஓட்டிவிடுவேன். மற்ற இரண்டு நாளும் அவளிடம் எதைப் பற்றிப் பேசினால் அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடம் கழித்து அவளிடமே போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கூடப் பிறந்தவர், தெரிந்திருக்கும். கப்பல் கிளம்புவதற்குள் எழுதவும்.